அலகுக்கு முன் ஏழு கேள்விகள்

பங்குனி உத்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், புனேயில் இருக்கிற எங்கள் முருகன் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நான் பின்பக்கம், பூ கட்டுகிற அறையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கையில் டார்ச்சும் ஒரு நோட்டும். அலகு குத்திக்கொள்ள நேர்ந்துகொண்டவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து உட்கார வேண்டும். ஏழு கேள்வி கேட்பேன். பிறகு வாயைத் திறக்கச் சொல்வேன்.

என் பெயர் சந்தானம். இங்கே ஒரு இதய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்து எடுத்துக் கொடுப்பது பிழைப்பு. அலகு குத்துவது வருஷத்துக்கு ஒரு நாள். அதற்குக் கூலி கிடையாது, ஒரு வேட்டியும் வடை பாயசமும் உண்டு. எனக்கு முந்தி இருந்தவர் அலகை எலுமிச்சம்பழத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு அப்படியே கன்னத்தில் ஏற்றுவார். எலுமிச்சம்பழம் பித்தளையைப் பளபளப்பாக்கும். கிருமிக்கு அது போதாது. நான் பொறுப்பெடுத்த வருஷம், கிளினிக்கை மூடிக்கொண்டு போன ஒரு பல் டாக்டரிடம் சின்ன ஆட்டோகிளேவ் ஒன்றை வாங்கினேன். இருபது வருஷமாக ஒவ்வொரு அலகும் அதில் வெந்துதான் வெளியே வருகிறது. ஒரு கன்னம்கூட வீங்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, அதை மறைப்பானேன்.

கேள்விகள் சாதாரணமானவைதான். சர்க்கரை இருக்கிறதா, டயாலிசிஸ் உண்டா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து ஏதாவது ஓடுகிறதா, இந்த ஆறு மாதத்தில் எங்காவது கிழித்துத் தைத்தார்களா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒன்று. உடம்புக்குள் கம்பி, குழாய், வால்வு ஏதும் வைத்திருக்கிறதா என்று ஒன்று. கடைசியாக, கட்டி, கொப்புளம், ஆறாத புண்.

எல்லாம் ஒரே கிருமிக்காகத்தான். தியேட்டரில் அதை ஸ்டாஃப் என்று சுருக்கிச் சொல்வோம். மூன்று பேரில் ஒருவர் மூக்கில் அது குடியிருக்கிறது. பெரும்பாலான பேருக்கு அது இருப்பதே தெரியாது. தோல் மூடியிருக்கும்வரை சாதுவாகக் கிடக்கும். ஒரு கீறல், ஒரு துளை கிடைத்தால் உள்ளே போகும். திடமான ஆளுக்குப் பெரும்பாலும் ஒரு பருவோடு முடிந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை மிதக்கிறவனுக்கும், வாரம் மூன்று தரம் ஊசி ஏறுகிற டயாலிசிஸ்காரனுக்கும், பிறந்த குழந்தைக்கும், உடம்புக்குள் உலோகம் வைத்திருக்கிறவனுக்கும் அப்படி முடியாது. நான் துளை போடுகிறவன், ஆகவே கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம்தான். முருகன் முன்னால் வந்துவிட்டால் எல்லாருக்கும் உடம்பு இரும்பாகிவிடும். போன வருஷம் ஒருத்தர் சர்க்கரை முந்நூறு வைத்துக்கொண்டு, தினமும் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று வாதாடினார். அவரைப் பால்குடம் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். முருகன் பால் வேண்டாமென்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

தேறினவர்களுக்கு உத்திரத்தன்று காலையில் குத்துவேன். முதலில் கன்னத்தில் திருநீறு பூசி ஊதுவேன். அலகு ஏற்றும்போது கையுறை போடுவேன். ஊர்வலம் முடிந்து அலகை உருவியதும் அந்தத் துளையில் திருநீறு வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவேன். அதற்கு மட்டும் கையுறையைக் கழற்றிவிடுவேன். ரப்பர் கையால் திருநீறு கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

இந்த வருஷம் பதினேழாவதாக வந்து உட்கார்ந்தவள் பெயர் பவுன். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். இங்கே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை, புருஷன் ஸ்ரீநிவாசன் அங்கேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கழுத்துவரை பொத்தான் போட்ட ரவிக்கை. மார்ச் மாத வெயிலுக்கு அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. கேட்கவில்லை.

"சர்க்கரை?"

"இல்லீங்கண்ணா."

"டயாலிசிஸ்?"

"அய்யய்யோ, இல்லீங்க."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?"

"இல்லீங்க."

"உள்ள எதுனா வெச்சிருக்கா? கம்பி, வால்வு?"

"இல்லீங்கண்ணா. எதுவுமே இல்ல."

வாயைத் திறக்கச் சொன்னேன். உட்கன்னத்தில் புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்தேன். அந்த நேரம் கரண்ட் போயிற்று. வெளியே காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் பட்டென்று நின்றது. அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்த மாதிரி.

என் கையில் கடிகாரம் இல்லை. அவள் கையிலும் இல்லை.

"வாய மூடும்மா." சத்தம் குறைந்தது.

"திற." கூடியது.

எனக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. வருஷத்துக்கு நூறு பேருக்கு எங்கள் தியேட்டரில் இதைப் பொருத்துகிறார்கள். உலோக வால்வு. இதயம் ஒவ்வொரு தரம் துடிக்கும்போதும் அது மூடிக்கொள்கிற சத்தம் நெஞ்சிலிருந்து ஏறி, வாயைத் திறந்தால் வெளியே வரும்.

"எப்ப போட்டது?" என்றேன்.

அவள் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசம் ஆச்சுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன். "ஏம்மா, பொய் சொல்லிக் குத்திக்கிட்டு என்ன பண்ணப் போற? ஒரு கிருமி ரத்தத்துல போச்சுன்னா நேரா அந்த வால்வுல போய் உக்காரும். உக்காந்தா மருந்து அங்க சரியா போய்ச் சேராது. மறுபடி நெஞ்சத் திறக்கணும். திறந்தாலும் பொழைப்பன்னு எந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டாங்க. மாத்திரை வேற சாப்பிடுற. குத்தினா ரத்தம் நிக்குமா?"

"எல்லாம் தெரியும்ணா" என்றாள். "ஆபரேசனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப வேண்டிக்கிட்டேன். எழுந்து வந்தா அலகு குத்தி நடக்குறேன்னு. எழுந்து வந்துட்டேன். முத வருசம் வீட்ல விடல. போன வருசமும் விடல. போன மழைக்கு எம் பொண்ணு வைஷுவுக்கு டெங்கு. அஞ்சு நாள் கண்ணு தெறக்கல. அது எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"கொசு கடிச்சு வந்துச்சு."

"ஊர்ல அத்தனை பேர் இருக்க எம் பொண்ணத்தானே கடிச்சுது?"

குத்த முடியாது என்று மட்டும் சொன்னேன். பால்குடம் எடு என்றேன். அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"வாக்கு குடுத்தது அலகுக்கு. பால் ஊத்தினா எப்படித் தீரும்? வேற கோயில்ல ஒருத்தரு இருக்காராம். இப்பிடி டார்ச்செல்லாம் அடிக்க மாட்டாராம்."

அவரை எனக்குத் தெரியும், எனக்கு முந்தி இங்கே குத்தியவர். எலுமிச்சம்பழக்காரர். நான் இவளை அனுப்பிவிட்டால் என் நோட்டு சுத்தமாக இருக்கும், இவள் நேராக அங்கே போய் உட்காருவாள். புதன்கிழமைக்குள் ஒரு வழி சொல்கிறேன், அதுவரை எங்கேயும் போகாதே என்று நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். வழி என்று எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

மறுநாள் லேபில் டாக்டர் சஹானாவைப் பார்த்தேன். எங்கள் மைக்ரோபயாலஜி டாக்டர், புனேயிலேயே கராடியில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசுவாள். என்னைக் காகா என்பாள், மராட்டியில் சித்தப்பா. பவுன் விஷயத்தைச் சொன்னேன்.

"சான்ஸே இல்ல காகா" என்றாள். "ரொம்ப ரிஸ்க்ல இருக்கற ஆள் யாருன்னு கேட்டா, அவங்க ஃபர்ஸ்ட் லைன்ல நிக்கறாங்க." பிறகு டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "நீங்க உங்க ரிப்போர்ட்டையே வாங்கிக்கல."

தியேட்டர் ஆட்களுக்கு வருஷா வருஷம் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுப்பார்கள். நான் முடிவைக் கேட்டு வாங்கினதே இல்லை. எனக்கு என்ன வந்திருக்கப் போகிறது என்ற நினைப்பு. சஹானா கிருமி வளர்க்கிற ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். அதில் மஞ்சள் பொட்டுகள், எண்ண முடியாத அளவுக்கு.

"இது நீங்கதான்" என்றாள்.

மூன்றில் ஒருவருக்கு என்று நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன். அந்த ஒருவன் நானாக இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

அலகு எப்படிக் குத்துவீர்கள், செய்து காட்டுங்கள் என்றாள். மேஜைமேல் கிடந்த பேனாவை வைத்துச் செய்து காட்டினேன். ஆட்டோகிளேவைச் சொன்னபோது தலையாட்டினாள். கையுறைக்கும் தலையாட்டினாள். திருநீறு வந்ததும் நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம். ஊதுவீங்களா? கன்னத்து மேலயா? அப்புறம் கிளவ்ஸ் கழட்டிட்டு, அந்த ஓட்டைலயே அழுத்துவீங்களா?"

"அது வழக்கம்மா."

"நீங்க பேசறப்ப எத்தன வாட்டி மீசையத் தொடறீங்க, தெரியுமா? இப்ப நாலு வாட்டி."

கையைக் கீழே இறக்கினேன். "இருபது வருஷத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்ததில்ல" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சு வரல காகா. கன்னம் வீங்கினா உங்ககிட்டயா வருவாங்க? டாக்டர்கிட்ட போவாங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போன வருஷத்து நோட்டை எடுத்தேன். நாற்பத்திரண்டு பேர். ஒவ்வொருவராகப் போன் போட்டேன். உத்திரம் வருகிறது, சும்மா விசாரிக்கிறேன் என்று ஆரம்பித்து, போன வருஷம் காயம் எப்படி ஆறியது என்று கேட்டேன். நல்லா ஆறிடுச்சுங்க, நல்லா ஆறிடுச்சுங்க. பதினைந்து பேர் தாண்டியதும் எனக்குத் தெம்பு வந்தது. சஹானாவுக்கு என்ன வயது, முப்பதுகூட இருக்காது என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். அடுத்தது வாகட்டில் இருக்கிற ஜம்பு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஜிம்முக்குப் போகிற உடம்பு, ஏழு கேள்விக்கும் உண்மையாகவே இல்லை என்று சொன்னவன்.

"அது பரவால்ல சார்" என்றான்.

"பரவால்லன்னா?"

"கன்னம் வீங்கிச்சு. சீழ் வெச்சு, அறுத்து எடுத்தாங்க. பத்து நாள் அட்மிட் ஆயிருந்தேன். இப்ப ஒண்ணும் இல்ல சார்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சாமி காரியத்துல குத்தம் சொல்லக் கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க. அதுவும் இல்லாம உங்க மனசு கஷ்டப்படும்."

ஜம்புவுக்கு அடுத்து இன்னும் இரண்டு பேர். ஒருவருக்கு மஞ்சள் பற்றுப் போட்டதில் அமுங்கிவிட்டதாம். ஒரு அம்மாளுக்கு மாத்திரை. மூன்று பேரும் என்னிடம் சொல்லவில்லை, மூன்று பேரும் அடுத்த வருஷமும் நீங்களே குத்துங்கள் என்றார்கள். இது ஒரே ஒரு வருஷத்து நோட்டு. இன்னும் பத்தொன்பது அலமாரியில் இருந்தன. அவற்றை எடுக்கிற தைரியம் எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். யார் அழுக்கு என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களைச் சலித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து சஹானா கொடுத்த களிம்பை மூக்கில் காலையும் மாலையும் தடவினேன். ஐந்து நாள். மருந்துச் சோப்பில் குளியல், தலைக்கும் சேர்த்து. மீசையை எடுத்துவிட்டேன். என் மனைவி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக என் மேலுதட்டைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சிரித்தாள்.

புதன்கிழமை பவுனே போன் செய்தாள். பின்னால் ரஞ்சன்காவ் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"உனக்குக் குத்த மாட்டேன்" என்றேன். "ஆனா உன் வேண்டுதல இன்னொருத்தர் சுமக்கலாம். வழக்கத்துல உண்டு. உங்க வீட்டுக்காரரு?"

"ஊசி போட்டாலே மயங்கி விழுவாருண்ணா."

"அண்ணன் தம்பி?"

"யாருமில்ல." பிறகு கேட்டாள். "நீங்க என்னைக்காச்சும் குத்திக்கிட்டது உண்டாண்ணா?"

இருபது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பரிமாறுகிறவன் சாப்பிட்டானா என்று யார் கேட்கிறார்கள்? குத்த வேண்டியவர்கள் நிறைய, குத்துகிற கை ஒன்று, எனக்கு நேரமில்லை என்று ஒரு பதில் தயாராக இருந்தது. அந்த வாரத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல" என்றேன். "எனக்குப் பயம்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "எனக்கும் ஆபரேசனப்ப அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள்.

"உன்னோடத நான் சுமக்குறேன். நீ அந்த எலுமிச்சம்பழக்காரர்கிட்ட போகக் கூடாது. சம்மதமா?"

"சரிண்ணா" என்றாள்.

நோட்டில் கடைசியில் என் பெயரை எழுதினேன். ஏழு கேள்விகளையும் என்னையே கேட்டேன். ஏழுக்கும் இல்லை. கீழே எட்டாவதாக ஒன்று எழுதினேன்: மூக்கு. சனிக்கிழமையோடு களிம்பு முடிந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி குச்சி விட்டு எடுத்தாள் சஹானா. வெள்ளிக்கிழமை உத்திரம், வியாழக்கிழமை தட்டு வெறுமையாக இருந்தது. இது என்றைக்கும் இப்படியே இருக்காது, திரும்பி வரலாம் காகா என்று சொல்லித்தான் ரிப்போர்ட்டைக் கொடுத்தாள்.

உத்திரத்தன்று காலையில் முப்பத்தெட்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் ஏறி நின்றேன். போன வருஷம் மூன்று பேருக்குக் கன்னம் பழுத்தது, காரணம் என் மூக்கும் என் கையுமாகத்தான் இருக்கும் என்றேன். இனிமேல் நான் ஊத மாட்டேன், துளையில் திருநீறு வைக்க மாட்டேன், ஆளுக்கொரு பொட்டலம் தருகிறேன், அவரவர் நெற்றியில் மட்டும் பூசிக்கொள்ளுங்கள், அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்றேன். கோயில் செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. திருநீறு கிருமியா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். திருநீறு கிருமி இல்லை, நான்தான் கிருமி என்றேன். நான்கு பேர் வரிசையை விட்டுப் போனார்கள். ஜம்பு முதல் ஆளாக வந்து கன்னத்தைக் காட்டினான்.

"வலிக்காதுப்பா" என்றேன், வழக்கம்போல. முப்பத்து நான்கு பேரிடமும் அதையே சொன்னேன்.

கடைசியில் பவுன் வந்தாள். மஞ்சள் புடவை, தலையில் பால்குடம், காலில் புது வெள்ளைக் காலுறை. வெறுங்காலோடு நடந்து ஏதாவது குத்திவிட்டால் இவ்வளவும் வீண் என்று நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். குடத்தை இறக்கி வைத்தாள். நான் முகக்கவசத்தைக் கழற்றி, புதுக் கையுறை போட்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கன்னத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டேன். வேண்டிக்கொண்டவள் கை அலகில் பட வேண்டும் என்பது முறை. அவளுக்கும் கையுறை கொடுத்தேன். அலகின் பிடியை, முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி, அவள் பிடித்தாள். அவள் கைக்கு முன்னால் என் கை. பக்கத்தில் குனிந்து நின்றாள், உதடு லேசாகத் திறந்திருந்தது. பம்பைக்காரர்கள் பீடி பிடிக்கப் போயிருந்தார்கள்.

டிக், டிக், டிக்.

அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே தள்ளினேன். ஏழு எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆச்சுங்களாண்ணா?" என்றாள் பவுன். தலையாட்டினேன். இரண்டு வருஷமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சாக விட்டாள். புருஷன் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வைஷு மட்டும் என் கன்னத்தை நெருங்கி வந்து உன்னிப்பாகப் பார்த்தது.

ஊர்வலம் சிக்னலுக்கு வந்தது. அங்கே நிற்கிற டிராஃபிக் கான்ஸ்டபிள் மராட்டிக்காரர், என் வயது. வருஷா வருஷம் எங்களுக்காக வண்டிகளை நிறுத்திவைத்து, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார், துக்கத் நாஹி கா, வலிக்காதா என்று. நாஹி என்று நானும் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தரம் மீசையில்லாத என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். பிறகு அலகைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

வாயைத் திறந்து பேச வழியில்லை. பக்கத்தில் பவுன் குடத்தோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறது என்று தலையாட்டினேன்.